ஓடைக்கு இந்தப் பக்கத்து ஓட்டு

எங்கள் தெருவுக்கும் அம்மா பிறந்த ஊருக்கும் நடுவே ஒரு ஓடை. கோடையில் தாண்டினால் காலில் மணல் ஒட்டும், மழைக்காலத்தில் முழங்கால் நனையும், அவ்வளவுதான். ஆனால் தேர்தல் வந்துவிட்டால் அந்த ஓடைக்கு வருகிற மவுசே தனி. அந்தக் கரை ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி, இந்தக் கரை இராஜபாளையம் தொகுதி. மாமன் வீட்டுச் சுவரில் ஒருத்தர் பெயர் எழுதியிருக்கும், எங்கள் வீட்டுச் சுவரில் வேறொருத்தர் பெயர். சுண்ணாம்பு மட்டும் ஒரே சுண்ணாம்பு.

முன்பு அப்படி இல்லையாம். இரண்டு கரையும் ஒரே தொகுதியாக இருந்த காலத்தில் அப்பா ஓடையைத் தாண்டிப் போய் அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போடுவார். மச்சினன் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்ட வாயோடு சாயங்காலம் திரும்புவார். எழுபதுகளில் யாரோ எங்கேயோ உட்கார்ந்து கோட்டை மாற்றிப் போட்டார்கள். ஓடையே எல்லையானது. எங்கள் பக்கம் தனித்தொகுதி ஆனது. இனிமேல் எங்கள் சனத்தில் ஒருத்தர்தான் அங்கே நிற்க முடியும், ஜெயிக்க முடியும். அந்தச் சேதி வந்த அன்றைக்கு எங்கள் தெருவில் மேளம் அடித்தார்களாம்.

“ஒங்க அப்பா ஆடுன ஆட்டம் இருக்கே! வேட்டி அவுந்தது கூடத் தெரியல மனுசனுக்கு” என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் ஆடினவர்கள் ஒருத்தராவது ஒன்றை யோசித்தார்களா? தொகுதி மாறினால் ஓட்டுப் போடுகிற இடமும் மாறும். ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரே பள்ளிக்கூடம் பெரிய ஊரில் இருந்தது. வயல், தோப்பு, கண்மாய்த் தண்ணீர் எல்லாம் யார் கையில் இருந்ததோ, அவர்களுடைய ஊர். அதன் நடுத்தெருவில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். நடுத்தெரு போய் முடிகிற இடத்தில் அந்தப் பள்ளிக்கூடம். நிற்கிறவர் எங்கள் ஆள்தான், எல்லாக் கட்சியிலும். அவர்களில் யார் ஜெயிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறவர்கள் பெரிய ஊர்க்காரர்கள்.

எண்பதுகளில் நான் பார்த்த தேர்தல் எல்லாம் ஒரே மாதிரிதான். வெயில் ஏறுவதற்கு முன்பே பெரிய ஊரிலிருந்து ஒருத்தன் சைக்கிளில் வருவான். காலைத் தரையில் ஊன்றியபடி, “ஒங்க ஓட்டெல்லாம் விழுந்தாச்சுவே. சோலியப் பாருங்க” என்பான். ஆட்கள் பருத்தி எடுக்கப் போய்விடுவார்கள். ஓட்டு வயதைப் பதினெட்டாகக் குறைத்தபோது எனக்கும் ஓட்டு வந்தது. அதற்கடுத்த தேர்தலில் எனக்கும் விழுந்துவிட்டது. நான் போய் நிற்காமலேயே!

அப்போது இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை பார்த்தேன். மறுநாள் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனால் அங்கே எல்லார் விரலிலும் மை. பக்கத்துத் தறிக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், என் கையை இழுத்துப் பார்த்தாள்.

“ஏட்டி, ஒனக்கு மையக் காணோம்?”

“கழுவிட்டேன்.”

“அது கழுவுனாப் போற மையா?”

அவள் கேலியாகத்தான் கேட்டாள். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அன்று முழுக்க விரலை மடக்கி வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். அடுத்த தடவை செத்தாலும் போய்ப் போட்டுவிடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த தடவை சட்டசபைக்கும் பார்லிமென்டுக்கும் சேர்ந்தே வந்தது. வீட்டில் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். “நானும் வாரேன்” என்றாள். அப்பாவுக்கு முகம் வெளுத்துப்போனது.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பா கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திருகித் திறக்கிற இரும்புச் சாவி எங்கள் வீட்டு மூலையில் சாத்தியிருக்கும். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று திறந்துவிடுவது அவர் வேலை. அறுப்புக்கு அறுப்பு ஒவ்வொரு வயலிலிருந்தும் கட்டுக் கதிர் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் சோறு என்றால் அந்தக் கதிர்தான். சாவியைக் கொடுத்தவர்கள் பெரிய ஊர்க்காரர்கள். திருப்பிக் கொடு என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும்.

“ஒரு நாள் கூத்து தாயி இது. தண்ணி வருசம் பூராத் தொறக்கணும்” என்றார் அப்பா.

“அப்ப சாவிய நீங்க வச்சுக்கோங்க. ஓட்ட நான் போட்டுக்கிறேன்” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் எழுந்து கண்மாய்ப் பக்கம் போய்விட்டார்.

நான் பேசினது எப்படியோ பெரிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டுப் போடுகிற அன்று விடியும்போதே அப்பாவைக் காணவில்லை. அவரைக் கூப்பிட ஆள் வந்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே அண்ணாந்து குடித்தாள். “நட” என்றாள்.

நானும் அம்மாவும் போனோம். கூட வருகிறேன் என்று சொல்லியிருந்த பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள், வரவில்லை. நான் செருப்பைக் கழற்றுவதில்லை என்று நினைத்திருந்தேன். நடுத்தெரு தொடங்கியதும் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கழற்றிவிட்டேன். ஒரு நாளில் ஒரு சண்டை போதும் என்று தோன்றியது. இரண்டு பக்கமும் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. பின்னாலிருந்து கல் வருமோ, கம்பு வருமோ என்று என் முதுகெல்லாம் கூசியது.

பள்ளிக்கூட வாசலில் அப்பா நின்றார். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, கண்மாய்ப் பொறுப்பைப் பார்க்கிற பெரிய வீட்டுக்காரரின் மகன் உட்கார்ந்திருந்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவனாக இருப்பான். “ஏலே, ஒன் வீட்டுப் பொம்பளைக வாராளுவ. நீயே பேசி அனுப்பு” என்றான். அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிட்டான். ஒரு போலீஸ்காரர் வேப்பமரத்தடியில் அவர்கள் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“திரும்பிப் போங்க” என்றார் அப்பா. எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவரா இப்படி வந்து நிற்கிறார்! அம்மாதான் கேட்டாள்.

“ஒங்க ஓட்டப் போட்டுட்டியளா?”

“இன்னும் இல்ல.”

“அவனுக்கு மட்டும் விட்டு வச்சுருக்கோம்” என்றான் நாற்காலிக்காரன். “நம்ம பய. எதுல குத்தணும்னு சொல்லியாச்சு. ஒங்கள அனுப்பிட்டு அவனே போயிக் குத்துவான்.”

அம்மா அப்பாவின் முகத்தையே செத்த நேரம் பார்த்தாள். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள். நான் பின்னால் போனேன். அப்பா கையை நீட்டித் தடுக்கவில்லை.

உள்ளே வெளியூர் வாத்தியார் ஒருவர் அதிகாரியாக இருந்தார். ஏஜென்டுகள் அத்தனை பேரும் பெரிய ஊர்க்காரர்கள், எல்லாக் கட்சிக்கும். வாத்தியார் எங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

“ரெண்டு பேருக்கும் விழுந்துருச்சேம்மா.”

“யாரு போட்டா?” என்றேன்.

ஒரு ஏஜென்டு சிரித்தான். “நீதாம்ட்டி காலையில வந்து போட்ட.”

“அப்ப என் விரல்ல மை எங்க?” என்று கையை மேசைமேல் வைத்தேன். எடுக்கவில்லை. அம்மாவும் தன் கையை என் கைப் பக்கத்தில் வைத்தாள்.

வாத்தியார் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பாவம், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கும். குரலைத் தணித்து, “இப்படி நடந்தா வேற சீட்டு தரலாம். பெட்டியில போட முடியாது, தனிக் கவர்ல வைப்போம். கோர்ட்டு, கேசுன்னு போனாத்தான் அதப் பிரிப்பாங்க. மத்தபடி எண்ண மாட்டாங்க” என்றார்.

“எண்ணாத ஓட்டா?”

“ஆமாம்மா.”

“குடுங்க” என்றாள் அம்மா.

மை வைத்தார்கள். முத்திரைக் கட்டையை அம்மா இரண்டு கையாலும் பிடித்துக் குத்தினாள். நானும் குத்தினேன். சீட்டுகளை வாத்தியார் கவரில் வைத்து ஒட்டினார். ஏஜென்டுகள் சிரித்துப் பேசிக்கொண்டார்கள். எண்ணாத ஓட்டுத்தானே, அவர்களுக்கு என்ன!

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். வாசலிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பெயரைச் சொன்னார். வாத்தியார் சந்தோஷமாகச் சீட்டை எடுத்தார். “உங்களுது இருக்குய்யா. நல்ல ஓட்டு. பெட்டியிலேயே போடலாம்.”

“அது வேண்டாம் சார்” என்றார் அப்பா. “இவுகளுக்குக் குடுத்தீயல்ல, கவர்ல வைக்கிறது, அதக் குடுங்க.”

“அது உங்களுக்குத் தர முடியாதுய்யா. உங்க ஓட்ட யாரும் போடலயே. இது எண்ணுற ஓட்டு.”

“எண்ணுறது எனக்குத் தெரியும் சார். இது அவிய எனக்குன்னு விட்டு வச்சது. என் பொண்டாட்டிக்கும் புள்ளைக்கும் இல்லாதது எனக்கு வேண்டாம்.”

சிரிப்புச் சத்தம் நின்றது. வாத்தியார் அந்தக் கவர்ச் சீட்டை அவருக்குத் தரவில்லை, விதி அப்படி. அப்பா இரண்டில் ஒன்றும் போடாமல், விரலில் மை இல்லாமல் வெளியே வந்தார். நாற்காலிக்காரன் எழுந்து நின்றான். “சாயங்காலம் சாவி எங்க வீட்டுக்கு வந்துரணும்” என்றான். அப்பா சரி என்று தலையாட்டினார்.

நடுத்தெருவைத் தாண்டுகிறவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். தாண்டியதும் பிடித்துக்கொண்டேன்.

“கூறு இருக்காப்பா ஒனக்கு? நம்ம தெருவுலயே எண்ணுற ஓட்டு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. மறைப்புக்குள்ள போயி அவியளுக்கு எதிரா ஒரு குத்துக் குத்திட்டு வந்துருந்தா எவனுக்குத் தெரியும்? சாவியாவது மிஞ்சிருக்கும்!”

“குத்திருக்கலாம் தாயி. ஆனா வெளிய வந்து சொன்னா யாரு நம்புவா? அவிய சொன்னதுலதான் குத்திட்டு வந்துருக்காம்னு ஊரே சொல்லும்.” அப்பா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீயும் அப்படித்தான் நெனச்சிருப்ப.”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை.