ரோட்டுப் பக்கச் சுவர்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஓப்பநாயக்கவிலிருந்து ஒரு தம்பி வந்திருக்கிறான். எந்தப் பக்கம் முதலில் என்று கேட்டான். பின்பக்கம் என்றேன். சிரித்தான். ரோட்டில் போகிறவர்கள் முன்பக்கத்தைத்தானே பார்ப்பார்கள் என்றான். அதனால்தான் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

பெயின்ட் வாசம் எனக்குப் பிடிப்பதில்லை. ஈரச் சுண்ணாம்பு வாசம் வேறு. அது மூக்கில் ஏறினால் யாரோ வரப்போகிறார்கள் என்று அர்த்தம். றக்வானப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பெரிய ஆட்கள் வருவதென்றால், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ரோட்டுப் பக்கச் சுவருக்கு மட்டும். பின்சுவர் பாசி பிடித்துக் கறுத்தபடியே கிடக்கும். கொழுந்து பறிக்கிற எங்களில் சிலரைப் பிடித்துக் கங்காணி வாளியைக் கொடுப்பார். நான் உயரம். எப்போதும் மாட்டுவேன். வேலை முடியும்போது சுவரைவிட நான்தான் வெள்ளையாக இருப்பேன்.

சமாதானப் பேச்சு நடந்த காலம் அது. பயமில்லாமல் பஸ் ஏறலாம். என் தங்கச்சி கெம்பஸில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்திலிருந்து அங்கே போன முதல் ஆள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள்.

ஒரு சனிக்கிழமை வந்தவள் சோற்றைத் தொடவில்லை. மெல்லக் கேட்டேன். தோட்டத்து மக்களின் முன்னேற்றத்தைப் பார்க்க அவள் வகுப்பே எங்கள் தோட்டத்துக்கு வரப்போகிறதாம். அவளோ றக்வான டவுனில் வீடு என்று சொல்லி வைத்திருக்கிறாள். வேறு தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியை, கொழுந்து பறிக்கிறவள் மகள் என்று, கெம்பஸில் 'கூடை', 'கூடை' என்று கூப்பிட்டே படிப்பை விட வைத்திருக்கிறார்கள்.

"நீ என்னத் தெரியாத மாதிரி நில்லு. நானும் அப்புடியே நிக்கிறேன்," என்றேன்.

அந்த முறையும் வாளி என் கையில்தான்.

தங்கச்சியும் அவள் வகுப்பும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். தொப்பி, குடை, கெமரா. தோட்டத்துத் துரை முன்னால் நடந்தார். என்ன கேட்டாலும் 'ஹொந்தாய்', நல்லாயிருக்கு என்று சொல்லும்படி கங்காணி எங்களிடம் சொல்லியிருந்தார். படிப்பிக்கிற சேர் நேராக என்னிடம் வந்தார். முந்தி இருந்ததைவிட இப்போது முன்னேறியிருக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். ஹொந்தாய் சேர் என்றேன். வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

தங்கச்சி எழுதவில்லை. பேனையை மூடினாள். கூட்டத்தை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, இவங்கள பின்னுக்குக் கூட்டிட்டுப் போவோம்."

அக்கா என்றால் சிங்களத்திலும் அக்காதான். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் முன்னால் போனாள். கறுத்த சுவர், அழுக்குத் தண்ணீர் நிரம்பி வழியும் கான், கதவுக்குப் பதில் சாக்குத் தொங்கும் கக்கூஸ். இதுதான் எங்கள் வீடு, முன்னேற்றம் எழுதுகிறவர்கள் இந்தச் சுவரையும் எழுதுங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். ஒருத்தி மூக்கைப் பொத்தப் போனாள். தங்கச்சி பார்த்த பார்வையில் கை இறங்கியது.

மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் என்னைத் தூர மலைக்குக் கொழுந்து பறிக்கப் போட்டார்கள். அட்டைக்கடியோடு ஏறினேன். கெம்பஸில் அவளையும் கூடை என்றார்கள். "கூடைதான். ஒங்களால தூக்க ஏலுமா?" என்று கேட்பாளாம். படிப்பை விடவில்லை.

அடுத்த விருந்தாளிகளுக்கு மறுபடி வாளி வந்தது. நான் தொடவில்லை. என்னைப் பார்த்து மற்றப் பெண்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"என்னடி, தங்கச்சி படிக்கிற திமிரா?" என்றார் கங்காணி.

"ஆமாங்க. பின்னுக்கும் சேத்துக் கரைங்க."

முணுமுணுத்துக்கொண்டே கரைத்தார். எனக்குத் தெரிந்து அன்றுதான் பின்சுவர் முதன்முதலில் வெள்ளை பார்த்தது.

அந்த லயம் இப்போது இல்லை. ஒரு மழைக்கு மண் சரிந்து இரண்டு சுவரையும் சேர்த்துக் கொண்டுபோனது. நல்லவேளை, எல்லாரும் மலையில் வேலையில் இருந்தோம். கங்காணியும் இல்லை. சுண்ணாம்பு கரைக்கிறவர்களும் இல்லை. முன்னேற்றம் எழுதுகிறவர்கள் மட்டும் இன்னும் வருகிறார்கள். ரோட்டில் நின்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

தம்பி முன்பக்கம் போகத்தான் பார்க்கிறான். வாளியைத் தூக்கிப் பின்னுக்கு வைத்துவிட்டேன்.