எனக்குச் சம்பளம் தந்த ஆள்

மொன்றியலில் என் கம்பனிக்குப் பெயர் கிடையாது. பெயர் வைப்பதென்றால் அதற்கு வேறு அலைச்சல், அந்தப் பெயர் பிரெஞ்சிலும் சரிவர வேண்டும் என்றார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அரசாங்கமே ஓர் இலக்கத்தைத் தந்துவிடும். இலக்கம் எனக்குப் புதிதல்ல. பாங்கொக்கில் அகதியாக ஒன்றரை வருடம், பிறகு ஐரோப்பாவில் ஒரு முகாம், அதற்குப் பிறகு இன்னொன்று. போன இடமெல்லாம் இலக்கம் தந்துதான் சோறு போட்டார்கள். நானே காசு கட்டி இலக்கம் வாங்கியது இதுதான் முதல் தரம்.

டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன் நான். அங்கே மரக்கறி கொண்டுவந்து இறக்கும் சாரதி ஒருநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய பெட்டிகளைத் தூக்கப் போய், கடைசியில் அவருடைய வேலைக்கே போய்ச் சேர்ந்தேன். ஜான்-டலோன் சந்தையில் ஏற்றி, உணவகங்களில் இறக்குவது. கொஞ்சக் காலம் போக, வேலை தந்தவர் "இனி ஆளுக்குச் சம்பளமில்லை, கம்பனிக்குத்தான் காசு" என்றார். அடுத்த கிழமையே நான் கம்பனி ஆனேன். இயக்குநர், பங்குதாரர், சாரதி, சுமை தூக்குபவர் எல்லாம் நானே. ஊரில் என் மனைவி அக்கம்பக்கத்தாரிடம், "அவர் அங்கை கம்பனி வைச்சிருக்கிறார்" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கம்பனி அப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் அறையில், வேறு மூன்று பேரோடு, சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தது.

மனைவிக்கும் ஒன்பது வயது மகளுக்கும் விசா வந்தபோதுதான் தொல்லை தொடங்கியது. நான்கு ஆண்கள் படுக்கும் அறைக்கு அவர்களைக் கூட்டிவர முடியாது. யூலை முதலாம் திகதி வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து இந்த நகரத்தில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள். அதற்குள் நானும் ஒன்றைப் பிடித்துவிட வேண்டும். ஐந்து வீடு பார்த்தேன். "எங்கே வேலை?" என்று கேட்டார்கள். "என்னுடைய சொந்தக் கம்பனி" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஐந்து பேரும் பிறகு அழைப்பதாகச் சொன்னார்கள். ஒருவரும் அழைக்கவில்லை.

ஆறாவது வீடு நோத்ர-டாம்-த-கிரேஸில். மாடியில் இரண்டு அறை, தெருமுனையில் பள்ளிக்கூடம். கீழே வீட்டுக்கார அம்மா இருந்தார். தனி ஆள், கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மூன்று சம்பளச் சீட்டும், முதலாளியின் கடிதமும் வேண்டும் என்றார். மாதக் கடைசிவரை வேறு ஆட்களுக்குக் காட்டாமல் வைத்திருப்பாராம்.

சம்பளச் சீட்டா? கம்பனி ஆன பிறகு எனக்குச் சம்பளமே இருந்ததில்லை. தேவைப்பட்டபோது கம்பனி அட்டையை இயந்திரத்தில் சொருகி எடுத்துச் செலவழித்தேன். அவ்வளவுதான் என் நிர்வாகம்.

சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் மன்னார் அக்கா ஒருவரிடம், ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பற்றுச்சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, கம்பனி அட்டையிலை தலைமயிர் வெட்டியிருக்கிறீர்?"

"என்ர காசுதானே அக்கா."

"இல்லை, கம்பனியின்ர காசு."

"கம்பனி நான்தானே?"

"நீர் வேறை, கம்பனி வேறை. இப்ப நீர் கம்பனிக்குக் கடன்காரன். இது என்ன, கோயில் பற்றுச்சீட்டு?"

"பெட்டி ஏத்திற வான் வாங்கினதுக்கு அர்ச்சனை. கம்பனியின்ர பேரிலைதான் செய்தது. ஐயர் நட்சத்திரம் கேட்டவர், கம்பனி பதிஞ்ச திகதியைக் குடுத்தன். அவரே பாத்துச் சொல்லிப்போட்டார்."

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் மாதாவுக்குக் கொளுத்திற மெழுகுதிரியை என்ர கணக்கிலை போடுறேல்லை" என்று சொல்லி அதை ஒருபக்கம் தள்ளினார்.

"போன மாதங்களுக்கு மூண்டு சம்பளச் சீட்டு அடிச்சுத் தாருங்கோவன் அக்கா. வீடு ஒண்டு கைக்கு வந்திருக்கு."

"குடுக்காத சம்பளத்துக்கு நான் சீட்டு அடிக்கமாட்டன். இண்டைக்குத் தொடங்கும். கிழமைக்குக் கிழமை சம்பளம் போடும். மாதக் கடைசிக்கு மூண்டு வந்திடும்."

அன்றுதான் முதல் தரம் எனக்குச் சம்பளம் போட்டேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒட்டாவாவில் மத்திய அரசுக்கு ஒரு வரிக்கழிவு, கியூபெக் மாகாண அரசுக்கு ஒரு வரிக்கழிவு. ஒருவருக்கு அனுப்பினால் மற்றவருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஓய்வூதியத்துக்கு வேலைக்காரனிடம் ஒரு பங்கு பிடித்தால், முதலாளியும் அதேயளவு போட வேண்டுமாம். வேலைக்காரனாக இருந்து பிடித்த காசுக்கு ஆத்திரப்பட்டேன். முதலாளியாக இருந்து போட்ட காசுக்கு இன்னும் கூட ஆத்திரப்பட்டேன். சொந்தக் கம்பனி என்பதால், வேலை போனால் அரசாங்கம் தரும் காசு எனக்குக் கிடையாது என்பதையும் அக்கா சொன்னார். முதலாளியோடு கோபித்துக்கொண்டு நிற்கும் வசதியும் எனக்கில்லை.

அறையில் இருந்த பொடியங்களுக்கு இது நல்ல பகிடியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் நான் கணக்குக் கொப்பியை விரித்தால், "அண்ணை, முதலாளி இண்டைக்கும் சம்பளத்தை இழுத்தடிக்கிறாரோ? ஒரு வேலைநிறுத்தம் செய்து பாருங்கோவன்" என்பார்கள்.

மூன்று சீட்டும் சேர்ந்தன. கடிதம்தான் மிச்சம். "உள்ளதை எழுதும்" என்றார் அக்கா. உள்ளதைச் சொல்லி ஐந்து வீட்டை இழந்தவன் நான். ஆகவே, அறைப் பொடியன் ஒருவனின் பிரெஞ்சில், "இவர் எங்கள் நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்" என்று ஒரு கடிதம் எழுதுவித்தேன். மூலைக்கடையில் மலிவான கைபேசி ஒன்று வாங்கி, அதன் இலக்கத்தைக் கடிதத்தில் போட்டேன். விண்ணப்பத்தில் வேலைக்காரன் ஆங்கிலத்தில் கையெழுத்து வைத்தான். கடிதத்தில் முதலாளி தமிழில் வைத்தார். என் புத்திசாலித்தனத்தை நினைத்து அன்று எனக்கே வியப்பு.

செவ்வாய்க்கிழமை சந்தையில் கத்தரிக்காய்ப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது மலிவுக் கைபேசி அடித்தது. குரலைத் தடிப்பாக்கி "போன்ஜூர்" என்றேன். வீட்டுக்கார அம்மா. எனக்காக மெதுவாகப் பிரெஞ்சு பேசினார்.

"உங்களிடம் வேலை செய்பவர் எப்படி? நல்லவரா?"

இதற்கு ஒரு முதலாளி என்ன சொல்ல வேண்டும் என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவனை அவனைப் பற்றியே கேட்டால், "ஏதோ இருக்கிறன்" என்பதுதான் வாயில் வரும். தன்னைத் தானே புகழ்ந்தால் நாவூறு படும், பார்ப்பவர்களும் சிரிப்பார்கள். வாய் தன் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"பரவாயில்லை, மதாம்."

"நேரத்துக்கு வருவாரா?"

"அநேகமாய் வருவார்."

"கெட்டிக்காரரா?"

"அப்படிச் சொல்ல ஏலாது. படிப்புக் குறைவு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது. மாதம் முடிய நான்கு நாள். என் மனைவியும் மகளும் இருக்கப்போகும் வீட்டை, நானே ஒரு கத்தரிக்காய்ப் பெட்டிக்கு மேல் குந்தியிருந்து கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"மதாம்," என்றேன், குரல் பழையபடி மெலிந்துவிட்டது. "அந்த ஆள் நான்தான். முதலாளியும் நான்தான்."



"அது நீங்கள் 'போன்ஜூர்' சொன்னபோதே எனக்குத் தெரியும்," என்றார். "தன் ஆளை இப்படிக் கெடுத்துப் பேசும் முதலாளி எங்கே இருப்பார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சம்பளச் சீட்டுகளும் இந்தக் கடிதம் மாதிரித்தானா?"

"இல்லை மதாம். மூன்றும் உண்மை. இரண்டு அரசாங்கத்துக்கும் பிடித்து வைத்திருக்கிறேன்."

"அப்படியென்றால் சனிக்கிழமை வங்கிக் கணக்கோடு வாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

சனிக்கிழமை அவருடைய சமையலறை மேசையில் சீட்டையும் வங்கித் தாளையும் அருகருகே வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடிமட்டம் வைத்து வரி வரியாகப் பார்த்தார். கம்பனியிலிருந்து போன தொகை, அதே நாளில் என் கணக்கில் வந்த தொகை. மூன்று தரம், சதம் பிசகாமல். எனக்கு வேர்த்தது. பள்ளிக்கூடத்தில் கடைசியாக எழுதிய சோதனைக்கும் இப்படி வேர்த்த ஞாபகமில்லை. கொடுக்காத சம்பளத்துக்கு அக்கா சீட்டு அடித்துத் தந்திருந்தால், அந்த மேசையிலேயே கதை முடிந்திருக்கும்.

அவர் அடிமட்டத்தை ஒதுக்கி வைத்தார். நான் எழுதிய கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டார். பிறகு ஒப்பந்தத் தாளை என் பக்கம் தள்ளினார்.

படியிறங்கியதும் மனைவிக்கு அழைத்தேன். நடந்தது முழுவதையும் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, அப்ப வீடு ஆரின்ர பேரிலை? கம்பனியின்ர பேரிலையோ?"

"இல்லை. வேலைக்காரன்ர பேரிலை."

"முதலாளி எங்கை இருக்கப் போறாராம்?"

"அவரும் எங்களோடைதான்."

"அந்த ஆள் வாடகையிலை பாதி தருவாரோ?"

"தரமாட்டார். பொல்லாத கஞ்சன்."