வெள்ளையடிப்பதற்கு முந்தைய நாள்

செய்தி மின்ரயிலில் வந்தது. தாம்பரத்தில் வண்டி இன்னும் புறப்படவில்லை. மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். தினமும் என்னோடு வரும் விமலா ஏறியதும் ஏறாததுமாக, "உங்க எஸ்தர் அக்கா நேத்து சாயங்காலம் போய்ட்டாங்களாமே, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. வண்டி நகர்வதற்குள் இறங்கிவிட்டேன். நடைமேடையில் நின்றபோது முதலில் வந்தது அழுகை அல்ல. அவர் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்குள் ஒருமுறை போய்விட வேண்டும் என்ற பதற்றம். அவரை அறிந்த உங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

அக்காவும் நானும் ஒரே அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தோம். நான் தட்டச்சர், அவர் டிரேசர். பொறியாளர்கள் பென்சிலால் போடும் வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, மையால் பிசகின்றிப் படியெடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ யாராவது வாடகை வீட்டைக் காலி செய்தால், வெள்ளையடிக்கும் முன் ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொள்வார். காலண்டர் தொங்கிய இடம், பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள், ஆணி பிடுங்கிய பள்ளம் எல்லாவற்றையும் படியெடுப்பார். புகைப்படம் எடுப்பார். அந்த வீட்டுப் பெண்களின் பேச்சை டேப்பில் பதிவு செய்வார். பிறகு மாதக்கணக்கில் காடாத் துணியில் நூலால் தைப்பார். கண்காட்சிகளில் சுவர் அளவுக்குத் தொங்கிய அந்தத் துணிகளையும், அவற்றின் பின்னாலிருந்து கேட்ட குரல்களையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஓவியரா, புகைப்படக்காரரா, தையற்காரரா என்று விசாரித்த நிருபரிடம், "ஆபீஸ்லயும் டிரேசர், வீட்லயும் டிரேசர்தாங்க" என்றார்.

ஒருமுறை கேம்ப் ரோடு வீடொன்றுக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, வூட்டை அளக்க வந்துகிறீங்களா? வரி கிரி ஏத்தப் போறீங்களா?"

"இல்லண்ணா, செவுத்தப் பாக்க வந்தேன்."

"வெறும் செவுத்துல இன்னா கீது?"

"உள்ள விட்டீங்கன்னா சொல்றேன். நீங்க ஒரு டீ சொன்னீங்கன்னா இன்னும் நல்லா சொல்லுவேன்."

அவர் சிரித்துவிட்டார். மதியம் வரை அக்காவுக்கு ஏணி பிடித்தவர் அவர்தான்.

அடுத்ததைச் சொல்ல எனக்கு இவ்வளவு வருடங்கள் ஆகியிருக்கின்றன. எண்பதுகளின் நடுவில் என் அப்பா இறந்தார். கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பது அவர் வழக்கம். அவர் தலை பட்ட இடத்தில் பழுப்பாக ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. வாடகை கட்டுப்படியாகாமல் நானும் அம்மாவும் சின்ன வீட்டுக்கு மாற வேண்டி வந்தபோது, அந்தக் கறையைப் படியெடுத்துத் தரும்படி அக்காவிடம் நானே கேட்டேன். எதற்காக வருகிறார் என்று அம்மாவிடம் சொல்லாமல் விட்டேன். ஆபீஸிலிருந்து ஓர் அக்கா வருகிறார் என்று மட்டும் சொன்னேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து அவரை அழைத்துக்கொண்டு வந்தேன். கூடத்துச் சுவர் ஈரமாக இருந்தது. அம்மா வாளியும் துணியுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"வாம்மா. ஒரே எண்ணெய்ச் சிக்கு. சோடா போட்டுத் தேச்சும் போகமாட்டேன்னுது. இப்பதான் போச்சு."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியவில்லை. "அப்பாவை அழிச்சுட்டியே" என்றது மட்டும் நினைவிருக்கிறது. அம்மா சுவரைப் பார்த்தாள், கையிலிருந்த துணியைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு, "கை எதுவரைக்கும் எட்டுச்சும்மா? எனக்கு ஒரு தடவ காட்டுறீங்களா?" என்று கேட்டார். அம்மா எழுந்து, புரியாமல், கையை உயர்த்திக் காட்டினாள். ஈரம் காய்வதற்குள் அந்த வளைவை அக்கா படியெடுத்தார். "தொடச்சதும் இந்த வீட்டு ஆளுதானே, அவங்க கையையும்தான் எழுதணும்" என்று என்னிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்னமும் வலிக்கிறது.

அந்த வளைவை அக்கா தைத்தது வெளிறிய காடாவில், வெள்ளை நூலால். கிட்டப் போனால்தான் தெரியும். கண்காட்சியில் அம்மா அதன் முன்னால் நின்று ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இங்க தோள் வலிச்சுது. விட்டுட்டு மறுபடி தேச்சேன்" என்றாள். கோடு அங்கே உண்மையிலேயே விட்டுத்தான் தொடங்குகிறது. கண்காட்சி முடிந்ததும் அக்கா அதை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். அம்மா இறக்கும்வரை அது அவள் புடவைகளுக்கு நடுவே இருந்தது. அன்று கத்தியதற்கு அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் மேற்குத் தாம்பரத்தில் அக்கா இருந்த வீட்டுக்குப் போனேன். துணிகளையும் கேசட்டுகளையும் அவர் தம்பி குடும்பத்தார் பத்திரமாக எடுத்துப் போயிருந்தார்கள். மறுநாள் வெள்ளையடிக்க ஆள் வருவதாக வீட்டுக்கார அம்மா சொன்னார். சுவர்களில் ஒன்றுமே இல்லை. ஓர் ஆணிகூட அடிக்காமல் வாழ்ந்திருக்கிறார். திரும்பும்போதுதான் வாசல் நிலைக்குப் பக்கத்தில், தோளுக்குக் கீழே, அந்த அழுக்கைப் பார்த்தேன். முழங்கால் வலி வந்தபின், அக்கா செருப்பைக் கழற்ற இடது கையை ஊன்றிக்கொள்ளும் இடம். நான்கு விரல்கள் மங்கலாகத் தெரிந்தன.

நான் அங்கேயே நிற்பதைப் பார்த்த வீட்டுக்கார அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"ஐயே, அழுக்கா கீதும்மா. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே தொடச்சி வச்சிருப்பேன். இருங்க..." என்று ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்தார்.

கைநீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கத்தவில்லை. "இது அவங்க கைங்க. ஒரு நிமிஷம் இருக்கட்டும்" என்றேன். அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு, நான் கொண்டுபோயிருந்த தாளின் மேல்முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் படியெடுக்கத் தெரியாது. கோடு இரண்டு இடங்களில் நடுங்கியிருக்கிறது. அலுவலகமாக இருந்தால் அக்கா கிழித்துப் போடச் சொல்லியிருப்பார். அந்தத் தாளை அம்மாவின் துணிக்குள் வைத்து மடித்திருக்கிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு: அந்தத் தாள், அன்று கத்தாமல் மணிக்கட்டைப் பிடித்த என் கை.