இருக்கிறார் என்று நான் கொடுத்த சான்று

எங்கள் சபையின் விதி தெளிவானது. விசுவாசப்பிரமாணத்தை மனதார அறிக்கையிட இயலாதவர் சபையில் எந்தப் பொறுப்பும் வகிக்கலாகாது. உட்பிரிவு கிடையாது. விதிவிலக்கு கிடையாது. 'தேவைப்படின் தளர்த்தலாம்' என்ற வழக்கமான வாலும் கிடையாது. எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவனே நான்.

அந்த விதிப்படி நீக்கப்பட்டிருக்க வேண்டியவன் நான். நீக்கப்பட்டவர் செல்லத்துரை. நீக்கியவன்... அதுவும் நானேதான்!

கடவுள் இருக்கிறார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அப்படியிருந்தும் சபைக் கமிட்டியின் செயலாளராக உட்கார்ந்துகொண்டு, 'இருக்கிறாரா என்று தெரியவில்லை' என்று உண்மையைச் சொன்ன மனிதரை வெளியே அனுப்பினேன். குற்றம் இவ்வளவுதான். அவசரம் உள்ளவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் நிறுத்த மாட்டீர்கள். எவன் எப்படி விழுந்தான் என்று தெரிந்துகொள்ளாமல் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

நான் மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலமெல்லாம் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், இப்போது முனிர்காவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபிளாட். எந்தக் கோப்பு எந்த மேஜையில் எதற்காகத் தூங்குகிறது என்பதை மோப்பத்திலேயே சொல்வேன். கடவுளைப் பற்றி மட்டும்... எந்த மேஜையில் விசாரிப்பது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

விசுவாசப்பிரமாணம் என்றால் என்னவென்று சிலர் கேட்கக்கூடும். ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்லும் உறுதிமொழி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுளை ஏற்கிறோம் என்பதுதான் அதன் சாரம். 'ஏற்கிறோம்' என்று நான் பன்மையில் எழுதிவிட்டேன், பழக்கதோஷம். அது ஒருமை! 'விசுவாசிக்கிறேன்.' சபை முழுவதும் சேர்ந்து சொன்னாலும் ஒருமைதான். 'கூட்டாக முடிவெடுக்கப்பட்டது' என்று ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை.

என் நம்பிக்கை எப்போது போனது? சாவு இல்லை, பேரிடி இல்லை, படித்த புத்தகம்கூட இல்லை. காலாவதியான பஸ் பாஸைப் போல அது என் பையிலேயே இருந்தது. கண்டக்டர் கேட்கவில்லை. நான் இறங்கவும் இல்லை.

செல்லத்துரை என் அலுவலகத்திலேயே செக்‌ஷன் ஆபீசர். எனக்கும் அவருக்கும் ஒரே திருநெல்வேலி ஜில்லா. எங்கள் சபையின் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. ஹிந்தி ஆராதனை முடிந்து அவர்கள் கோவிலைக் காலி செய்த பிறகு, மதிய வெயிலில் எங்கள் தமிழ் ஆராதனை தொடங்கும். அவர் வாயைத் திறந்தால் மின்விசிறிச் சத்தம் அடங்கிப்போகும்! நானும் அதே குழுவில்தான், எப்போதும் அவருக்கு இடப்பக்கம் நிற்பேன்.

எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. அலுவலகத்தில் வம்பான கோப்பு ஒன்று மேலே போனால், பொறுப்பேற்க விரும்பாத அதிகாரி ஓரத்தில் ஹிந்தியில் 'தேக் லியா' என்று எழுதிக் கையெழுத்திடுவார். பார்த்தாயிற்று. சம்மதமா? இல்லை. மறுப்பா? அதுவும் இல்லை. அந்தக் கோப்பை அதற்குமேல் ஒருவரும் அசைக்க முடியாது. கேண்டீனில் உப்பில்லாத பருப்பை நான் அவர் பக்கம் நகர்த்தினால், ஒரு வாய் வைத்துவிட்டு, "தேக் லியா வே" என்பார். அந்த 'வே' எங்கள் ஜில்லாவில் நெருங்கியவர்களை மட்டும் விளிக்கும் சொல்.

அவர் மனைவி ராஜாத்தி நோயில் விழுந்தார். சபை முழுவதும் ஜெபித்தது. உபவாசம் இருந்தது. கையேட்டில் உள்ள எல்லா விண்ணப்பங்களும் உரிய வழியில் மேலே அனுப்பப்பட்டன. ராஜாத்தி இறந்துபோனார்.

சில வாரங்கள் கழித்து செல்லத்துரை மறுபடி பாடகர் குழுவில் வந்து நின்றார். பாட்டுகளைப் பாடினார். விசுவாசப்பிரமாணம் வந்தது. எல்லாரும் தொடங்கினோம்... அவர் வாய் திறக்கவில்லை.

அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்டது. யாரடா இது, இவ்வளவு ஒட்டாமல், மனப்பாடக் கணக்கு ஒப்பிக்கும் பையனைப் போல? நான்! அத்தனை வருடமும் அவருடைய அடிக்குரலுக்குள் பதுங்கியிருந்த என் குரலை அன்றுதான் முதன்முறையாக நான் கேட்டேன்.

ஆராதனைக்குப் பிறகு வாசலில் சமோசாவும் டீயும் உண்டு. செல்லத்துரையை ஓரமாக அழைத்தேன்.

"என்ன வே, தொண்டை கட்டிக்கிட்டா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேங்கு."

"மெதுவா பேசும். ஐயர் நிக்காரு."

போதகரை ஐயர் என்பது எங்கள் ஊர் வழக்கம். இதனால் ஆர்.கே.புரத்தில் பக்கத்து வீட்டு மாமி, எங்கள் வீட்டுக்கு ஐயர் வருகிறார் என்று கேட்டு ஃபில்டர் காபியோடு ஓடி வந்த கதை வேறு இருக்கிறது. அதற்கு இது இடமில்லை.

"நிக்கட்டும் வே. அவரு இருக்காரான்னே எனக்குத் தெரியல," என்றார் செல்லத்துரை. ஐயரைச் சொல்லவில்லை. "தெரியாத ஒண்ண நெஞ்ச நிமித்தி எப்படிச் சொல்ல? நீரு சொல்லும். ரூல் வேண்டாம், வசனம் வேண்டாம். உம்மத்தான் கேக்கேன். இருக்காரா?"

அவர் கையில் இருந்த சமோசா கடிபடாமலே ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 'எனக்கும் தெரியாது வே' என்று நான் சொல்லியிருந்தால் போதும். அந்த மனிதருக்கு ஒரு துணை கிடைத்திருக்கும்.

"இருக்கார்," என்றேன். மூலத்தைப் பார்க்காமலே நகலில் முத்திரை குத்தினேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். "சரி. உமக்காவது தெரிஞ்சிருக்கே."

அடுத்த ஞாயிறும் அந்தப் பள்ளம். அதற்கடுத்த ஞாயிறும். என் கீச்சுக்குரலை என்னால் தாங்க முடியவில்லை. இதைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... விதிக்காக நான் அவரை நீக்கவில்லை. என் காதுக்காக நீக்கினேன்! அவர் அங்கே மௌனமாக நிற்கும்வரை நான் பொய் சொல்வது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாடகர் குழுவும் பொறுப்புதான் என்று கமிட்டியில் விதியை எடுத்து வைத்தேன். ஐயர் நல்ல மனிதர். "விடுங்களேன் சார். துக்கத்துல இருக்கார்," என்றார்.

"துக்கத்துக்குத் தனி விதி கிடையாது ஐயரே."

கமிட்டி அழைத்திருந்த செல்லத்துரை எனக்காகப் பேசினார்! கேளுங்கள், எனக்காக! "சார் சொல்றது சரிதான் ஐயரே. அவருக்குத் தெரியும். நான் கேட்டேன், இருக்கார்னு சொன்னாரு. தெரிஞ்சவங்கதான் முன்னால நிக்கணும்."

பாடகர் அங்கியை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஆராதனைக்கு வரவில்லை. ஓய்வு பெற்றதும் நாகர்கோவிலுக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அன்று முக்கியமான மீட்டிங் என்றேன். அது ஞாயிற்றுக்கிழமை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். கெட்டிக்காரத்தனமாகச் செத்திருப்பேன். போன நவம்பரில்தான் எல்லாம் தலைகீழானது!

நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் எல்லாரும் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அந்தச் சான்றுக்கு இங்கே 'ஜீவன் பிரமாண்' என்று பெயர். ஒன்று விசுவாசப்பிரமாணம், இன்னொன்று ஜீவப்பிரமாணம். இரண்டிலும் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வங்கியில் கட்டைவிரலை இயந்திரத்தின் மேல் வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. வயதானால் ரேகை தேய்ந்துவிடும். இயந்திரத்தின் மேல் குற்றமில்லை.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்தாள். "அங்கிள்ஜி, மெஷின் நீங்க இல்லைங்குது," என்று ஹிந்தியில் சொன்னாள். "அப்போ நீங்க இருக்கீங்களா, இல்லையா?"

"மைன் ஹூன்!" என்று கத்திவிட்டேன். இருக்கிறேன்! வரிசையில் நின்ற கிழங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

கத்திய வாய் மூடவில்லை... மோசே எரியும் புதருக்கு முன்னால் பெயர் கேட்டபோது கடவுள் தந்த பதில் இதுதானே! பதவி சொல்லவில்லை, முகவரி சொல்லவில்லை. இருக்கிறேன் என்பதையே பெயராகச் சொன்னார். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த கதை. அதை வாழ்க்கை முழுவதும் தவறான பிரிவில் கோப்பிட்டு வைத்திருந்தேன். உலகத்தில் உள்ள பொருள்களின் வரிசையில் கடவுளும் ஒருவர், அவர் விரல் வைத்துத் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று கவுண்டரில் காத்திருந்தேன். கவுண்டரே அவரால் நிற்கிறது என்றல்லவா எங்கள் மதம் சொல்கிறது! இருப்பவற்றில் ஒன்று அல்ல அவர். இருப்பதே அவர்!

அப்போது உள்ளேயிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அரே, இவரை எனக்குத் தெரியுமே! நான் சொல்றேன், இருக்கார். வேற வழியில பண்ணிக் குடு," என்றார். வேலை முடிந்தது.

நான் கத்தியது போதவில்லை. என்னை அறிந்த இன்னொருவர் சொன்னார், அது செல்லுபடியானது. மூவராய் இருக்கும் ஒரே கடவுள் என்ற கணக்கை நான் எத்தனை முறை இளக்காரமாக நினைத்திருக்கிறேன்! ஒன்றும் ஒன்றும் ஒன்றும் ஒன்றாம்... அது கணக்கே இல்லை! உலகம் உண்டாவதற்கு முன்பே பிதாவைக் குமாரன் அறிந்திருந்தார், குமாரனைப் பிதா அறிந்திருந்தார், அந்த அறிதலே ஆவியாக இருந்தது. கடவுள் ஒருபோதும் தனியாக இருந்ததில்லை என்பதுதான் அந்தக் கோட்பாடு! 'இவரை எனக்குத் தெரியும்' என்ற சொல் அவருக்குள்ளேயே இருக்கிறது.

வீட்டுக்கு ஓடினேன். இந்த வயதில், ஆட்டோ பிடிக்கக்கூட மறந்து! கதவைத் திறந்த கிரேஸ், என் மனைவி, பயந்துவிட்டாள்.

"ஏங்க, பென்ஷன நிறுத்திட்டானா?"

"அவர் இருக்கார் கிரேஸ்!"

"யாரு, மேனேஜரா?"

சொல்லச் சொல்ல என் பேச்சு வேகமெடுத்தது. பரவசத்தில் சிலுவை வரைக்கும் போய்விட்டேன். அங்கே போய்த்தான் நின்றேன்.

சிலுவையில் தொங்கியவர் என்ன கேட்டார்? ஏன் என்னைக் கைவிட்டாய் என்று கேட்டார். யார் யாரிடம் கேட்டது? கடவுளாகிய குமாரன், கடவுளிடம்! கடவுள் எங்கே என்று கேட்கும் குரலும் கடவுளுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் விதிப்படி அவரைப் பாடகர் குழுவிலிருந்து அன்றே நீக்கியிருக்க வேண்டும்!

கிரேஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "செல்லத்துரை அண்ணன் கேட்டதும் அதத்தானே?" என்றாள்.

அவளுக்கு இறையியல் தெரியாது. எந்த நரம்பைத் தொட்டால் வலிக்கும் என்று தெரியும்.

மறுவாரமே செயலாளர் பதவியை விட்டேன். காரணம்: விசுவாசப்பிரமாணத்தைப் பொய்யாக அறிக்கையிட்டு வந்தமை. கமிட்டியில் பாதிப்பேர் டெல்லியிலேயே பிறந்தவர்கள். பொருளாளர் படித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்தத் தமிழ் டஃப்பா இருக்கு. பர்சனல் ரீசன்னு போட்டுடலாமா? ஜல்தி முடிஞ்சிடும்," என்றார். என் விதியை என்மேல் பிரயோகிக்கக்கூட ஒருவரும் தயாராயில்லை!

நான் இப்போது நம்புகிறேனா? கேட்பீர்கள், தெரியும். ஆம் என்று சொல்ல நாக்குத் துடிக்கிறது! ஆனால் அதே நாக்கு. செல்லத்துரையிடம் 'இருக்கார்' என்ற அதே வாய். கள்ள முத்திரை குத்திய கை இன்று நல்ல முத்திரை குத்தினால் எவன் வித்தியாசம் கண்டுபிடிப்பான்? என்னாலேயே முடியவில்லை... என் மகிழ்ச்சியின் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. அது எனக்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் செல்லத்துரையின் எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். அன்று நான் சொன்னது பொய். எனக்கும் தெரியாது. உம் மௌனம்தான் அந்தக் கோவிலில் நான் கேட்ட ஒரே உண்மை. என் காதுக்காக உம்மை வெளியேற்றினேன். இப்போது அவர் இருக்கிறார் என்று தோன்றுகிறது. ஆனால் அதை உம்மிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. படித்துவிட்டார். பதில் இல்லை.

தபசு காலம் வந்தது. பெரிய வெள்ளி வந்தது. ஈஸ்டர் வந்தது. கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். விசுவாசப்பிரமாணத்துக்கு எழுந்து நிற்கிறேன். அவர் நின்ற பக்கம் பார்க்கிறேன். முதல் சொல்லை மட்டும் சொல்கிறேன், கீச்சுக்குரலில், காது கேட்க. அதற்குமேல் போக முடிவதில்லை.

பிறகு ஒருநாள், ஆராதனை முடிந்து கையில் டீயோடு நிற்கும்போது பதில் வந்தது. செல்லத்துரையிடமிருந்துதான். இரண்டே சொற்கள்.

"தேக் லியா."

சம்மதமா? இல்லை. மறுப்பா? அதுவும் இல்லை. பழைய கேலியா, பழைய காயமா, இல்லை இந்தக் கோப்பை இனி ஒருவரும் அசைக்க முடியாது என்கிறாரா... கடைசியில் அவர் 'வே' போடவில்லை. சிரிக்கத் தொடங்கினேன். டீ சட்டையெல்லாம் சிந்தியது.

அன்று மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி, மூவராய் இருக்கும் ஒருவரைக் கொண்டாடும் திரித்துவ ஞாயிறு.