பதினான்கு மாதம் வாய் திறக்காத உறுப்பினர்

ராஜபாளையத்தில் கையோ காலோ ஒடிந்தவர்களுக்கெல்லாம் இவாஞ்சலினைத் தெரியும். முகம் ஞாபகம் இருக்காது. வலியில் துடிப்பவர் யார் முகத்தைப் பார்க்கிறார்? குரல் ஞாபகம் இருக்கும். "அசையாதீக... செத்த நேரம் அப்பிடியே இருங்க... அம்புட்டுத்தான், முடிஞ்சிருச்சு" என்று எக்ஸ்ரே அறைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து வருமே, அந்தக் குரல். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக இதே வேலை. மில்லில் விரலை நசுக்கிக்கொண்டவர், தென்னை மரத்தில் ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாதவர், கல்யாண வீட்டுப் பந்தலில் குத்தாட்டம் போட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்ட மாப்பிள்ளைத் தோழன் என்று ஊரின் உள்பக்கத்தை அவள் அளவுக்குப் பார்த்தவர் யாருமில்லை.

கணவர் பெனின் ராணுவத்தில் ஹவில்தார், இப்போது அருணாசலப் பிரதேசத்தில். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். ஐந்து மணிக்கு டியூட்டி முடிந்தால் வீட்டில் மிக்ஸியும் அவளும்தான். எத்தனை நாளைக்குத்தான் மிக்ஸியோடு பேச முடியும்? அதனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அய்யனார் கோயில் சாலையில் மலையைப் பார்க்கப் போவாள். போனால் போனில் நாலு படம் எடுப்பாள். நாலு நாற்பதாயிற்று. பிறகு அதுவே பித்தாயிற்று.

அப்படித்தான் முகநூலில் 'மலையோரம்' குழுவில் போய்ச் சேர்ந்தாள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றுவட்டாரத்தில் ஆசைக்காகப் படம் எடுக்கிறவர்கள் தொள்ளாயிரம் பேர் அதில் இருந்தார்கள். உரக்கடைக்காரர், வங்கி கிளார்க், பள்ளிக்கூட வாத்தியார், மில் எலக்ட்ரீஷியன். இதனால் பத்துப் பைசா லாபம் யாருக்கும் கிடையாது. வீட்டில் திட்டு வாங்குவதுதான் மிச்சம். இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. எல்லோருடைய படத்திலும் பறவை, பேரிலும் பறவை. 'மீன்கொத்தி' என்பவரும் 'செம்போத்து' என்பவரும் ஒரே கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றாலும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போவார்களே தவிர, வணக்கம் சொல்ல மாட்டார்கள்.

குழுவை நடத்துகிறவர் பேர் 'நீர்க்காகம்'. விதி என்றால் அவருக்கு உயிர். புதிதாக வருகிறவர் ஐந்து விஷயம் எழுத வேண்டும்: பேர், ஊர், வேலை, கேமரா, கடைசியாகத் தவறவிட்ட படம். இந்த ஐந்தாவதுதான் மலையோரத்தின் தனிச்சிறப்பு. எடுத்த படத்தைக் காட்டிப் பீற்றிக்கொள்ள யாருக்கும் தெரியும்; கோட்டைவிட்டதைச் சொல்லத்தான் நெஞ்சில் தைரியம் வேண்டும். இரண்டு மணி நேரம் இருவாச்சிப் பறவைக்குக் காத்திருந்து, அது வந்தபோது லென்ஸ் மூடியைக் கழற்றாமல் பதினேழு படம் எடுத்ததாக உரக்கடைக்காரர் எழுதியிருந்தார். வாத்தியாரோ பேட்டரியை வீட்டுச் சார்ஜரிலேயே விட்டுவிட்டுக் கேமராவை மட்டும் மலைக்குத் தூக்கிக்கொண்டு போனவர். அறிமுகம் வந்ததும் நீர்க்காகம் முதல் ஆளாக "வருக" என்பார். பிறகு மற்றவர்கள் வரிசையாக வந்து, புதியவரின் படத்தில் ஒரு நல்லதையாவது சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். இதுவும் விதி.

இவாஞ்சலின் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் படிப்பாள். தனியாக உட்கார்ந்து சிரிப்பாள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் புது லென்ஸால் சண்டை என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் பதினான்கு மாதமாக ஒரு வார்த்தை எழுதியதில்லை. தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தே பழகியவள். முன்னால் வந்து 'நான்தான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. போதாக்குறைக்கு, எல்லோரும் கேமரா என்ற இடத்தில் அரைப் பக்கத்துக்கு எழுதுகிறார்கள். அவள் என்ன எழுதுவாள்? போன், அதுவும் கீறல் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் நீர்க்காகத்தின் அறிவிப்பு இடி மாதிரி வந்தது. அறிமுகம் செய்துகொள்ளாத உறுப்பினர்கள் அனைவரும் வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நீக்கப்படுவார்கள். விதிவிலக்கு கிடையாது.

முகம் தெரியாத தொள்ளாயிரம் பேர்தான், ஆனால் அவளுடைய சாயங்காலம் முழுவதும் அவர்களிடம்தான் இருந்தது. அதுவும் போனால் திரும்ப மிக்ஸிதான். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் எழுதி எழுதி அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும், அடுப்பில் கறியை ஏற்றிவிட்டு, துணிந்து உட்கார்ந்தாள். 'பேர் இவாஞ்சலின். ஊர் ராஜபாளையம். வேலை எக்ஸ்ரே எடுப்பது. கேமரா போன்தான். தவறவிட்ட படம்: செண்பகத்தோப்பில் ஒரு சாம்பல் அணில் மரம் விட்டு மரம் தாவியது. என் தலைக்கு நேர் மேலே. எடுக்கப் போனேன், போனில் இடமில்லை என்று வந்தது. உள்ளே பார்த்தால் முந்நூறு எலும்பு.' 

உண்மைதான். எலும்பு டாக்டர் மதுரையிலிருந்து வாரம் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளில் திரையில் தெரியும் எக்ஸ்ரேயைப் போனில் படம் பிடித்து, பேர் தெரியாமல் வெட்டி, அவருக்கு அனுப்புவது அவள் வேலை. அணில் போன நாளிலிருந்து, அனுப்பிய கையோடு அழித்துவிடுவாள்.

அறிமுகத்தோடு போட அவள் வைத்திருந்த படம் அருமையானது. அய்யனார் கோயில் சாலையோரம் ஒரு பட்ட மரம், பின்னால் கருத்த மழைமேகம், அதற்கு முன்னால் வெள்ளை வெளேரென்று ஐந்தாறு கிளை. கருப்பு வெள்ளையாக மாற்றி வைத்திருந்தாள். கண்ணாடியை வேதாகமத்தோடு பைக்குள்ளேயே விட்டுவிட்டதால், குட்டிக் குட்டிக் கட்டங்களுக்குள் கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கிளையைத் தேடினாள். தெரிந்தது. தொட்டாள். போட்டாள். போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுக் கறியைக் கிண்டப் போனாள்.

இருபது நிமிடம் கழித்து நிமிர்த்திப் பார்த்தால் ஐம்பத்தொரு பதில். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நீர்க்காகத்தின் 'வருக'வுக்குக்கூட யாரும் காத்திருக்கவில்லை. முதல் பதில் செட்டியார்பட்டியிலிருந்து மில் எலக்ட்ரீஷியன் ஆண்டிச்சாமியுடையது. படத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசுகிறவர். "வணக்கம் சகோதரி. மரம் அற்புதம். குறிப்பாக நாலாவது கிளையில் அந்தக் குருவியை உட்கார வைத்தது உயர்ந்த ரசனை. என்ன குருவி அது?"

குருவியா? அந்த மரத்தில் ஏது குருவி? இவாஞ்சலின் மேலே கீழே தள்ளினாள். "அண்ணாச்சி, அது மரமில்ல, கை" என்று எழுதியிருந்தார் உரக்கடைக்காரர். "வெளிச்சம் உள்ளேயிருந்து வருது பாத்தீங்களா" என்று வாத்தியார். "சால பாக உந்தி" என்று ராஜபாளையத்து ராஜு ஒருவர் தெலுங்கில் மெச்சிவிட்டு, "மணிக்கட்டு மட்டும் நல்லா இல்ல" என்று தமிழில் சேர்த்திருந்தார். நல்லதைச் சொல்லிவிட்டுத்தானே குறை சொல்ல வேண்டும்?

பையைக் கவிழ்த்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தாள். ஒடிந்த மணிக்கட்டின் எக்ஸ்ரே. செவ்வாய்க்கிழமை எடுத்தது, அழிக்க மறந்தது. மோதிர விரலில் சோப்புத் தண்ணீர் போட்டும் கழலாத ஒரு கல் மோதிரம்; ஆண்டிச்சாமியின் குருவி அதுதான். பேர் இல்லாவிட்டால் என்ன, நோயாளியின் படம் நோயாளியின் படம்தான். பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் செய்யாத தப்பை, வாயைத் திறந்த முதல் நாளே தொள்ளாயிரம் பேர் முன்னால் செய்துவிட்டாளே!

படத்தை எடுக்கப் போகையில் தனிச் செய்தி ஒன்று வந்து விழுந்தது. அனுப்பியவர் நீர்க்காகம். "தங்கள் அலைபேசி எண் தேவை. உடனே." அனுப்பினாள். அடுத்த நிமிடம் மணி அடித்தது.

"எக்ஸ்ரே ரூம்ல இருக்க தாயிதான?"

கட்டைக் குரல். எங்கேயோ கேட்ட குரல். "ஆமாங்க அண்ணாச்சி."

"அது எங் கை."

செவ்வாய்க்கிழமை வந்தவர் கண்முன் வந்து நின்றார். மம்சாபுரத்து முத்துராமலிங்கம், வயது அறுபத்திரண்டு, ஓய்வுபெற்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், முறுக்கின மீசை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு "பாத்ரூம்ல வழுக்கிருச்சு" என்றார். முழங்கால் வரை சேறு, சட்டைப் பையில் பாசி. மம்சாபுரத்துப் பாத்ரூமில் பாசியெல்லாம் வளர்கிறது போல என்று அன்றைக்கு அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது உண்டு. இப்போது சிரிப்பு வரவில்லை.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. பெரிய தப்பு பண்ணிட்டேன். இந்தா, படத்த எடுத்துட்டேன். நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட நானே சொல்லிருதேன். குழுவ விட்டும் போயிருதேன். நீங்க நீக்க வேண்டாம்."

"படத்த எடுத்தது சரி. டாக்டர்ட்ட சொல்லுங்க, எனக்கு ஆட்சேபனை இல்லன்னும் சேத்துச் சொல்லுங்க. போறது வாரதெல்லாம் பொறவு பாப்போம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குழுவுல யாருக்கும் எங் கைன்னு தெரியாதுல்லா?"

"எப்பிடித் தெரியும் அண்ணாச்சி? உங்க மூஞ்சியே தெரியாதே."

"மெட்ராஸ்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கேன்னு எழுதி வச்சிருக்கேன். நெசத்துல கம்மாய் மடையில நின்னு நீர்க்காகம் படம் எடுக்கையில உள்ள போயிட்டேன். போன மாசம்தான் 'நீர்நிலைகளில் பாதுகாப்பு'ன்னு பதினோரு விதி போட்டேன் தாயி. அதுல மூணாவது விதி, மடை மேல நிக்காத!" சிரித்தாரா முனகினாரா என்று அவளுக்குப் புரியவில்லை. "முப்பத்திநாலு வருசம் அடுத்தவம் பொய்யக் கண்டுபிடிச்சவன். கடைசியில ஒரு மோதிரம் காட்டிக் குடுத்திருச்சு." வைத்துவிட்டார்.

இவாஞ்சலின் மன்னிப்பு ஒரு வரி எழுதி, சரியான படத்தைக் கண்ணாடியோடு தேடிப் போட்டாள். கறி அடிப்பிடித்திருந்தது. சாப்பிடத் தோன்றவில்லை. மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி. மதியம் அவசரப்பட்டவர்களும் இப்போது விதிப்படி நீர்க்காகத்தின் 'வருக'வுக்குக் காத்திருந்தார்கள் போல. மரத்தின் படத்துக்குக் கீழே ஒரு வார்த்தைகூட இல்லை. ஐந்தரைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது, கதை முடிந்தது என்று. நியாயம்தான். அவராக இருக்கப் போய்த் தேவலை. வேறொருவர் கையாக இருந்தால் போலீஸே வந்திருக்கும்.

ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் குழுவில் புதிதாக ஓர் அறிமுகம் வந்தது.

"பேர்: எஸ். முத்துராமலிங்கம். ஊர்: மம்சாபுரம். வேலை: ஓய்வுபெற்ற காவல் துறை, தற்போது நெல்லும் தென்னையும். கேமரா: நல்ல நிலையில் உள்ளது, கைதான் இல்லை. இதை இடது கையால் ஒரு மணி நேரமாக எழுதுகிறேன். தவறவிட்ட படம்: வாயில் கெண்டையோடு எழும்பிய நீர்க்காகம், சென்ற செவ்வாய், மம்சாபுரம் கண்மாய். நான் சென்னைக் கல்யாணத்தில் இல்லை. மடை மேல் நின்றேன், விழுந்தேன். இன்று மதியம் நீங்கள் ரசித்த மரம் என் கை. ஆண்டிச்சாமி அவர்கள் கவனிக்க, அது குருவி அல்ல, என் பவள மோதிரம். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். இந்தக் குழுவை ஆரம்பித்து ஆறு வருடத்தில் நான் என்னை அறிமுகம் செய்துகொண்டதே இல்லை. விதிப்படி நானும் இன்று ஆறு மணிக்கு நீக்கப்பட வேண்டியவன். என்னை வரவேற்க யாராவது உண்டா?"

அவள் ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அந்த மனுஷர் மூடி மறைத்திருக்கலாம். அவளை நீக்கிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவள் ஒருத்தி தனியாக அசிங்கப்பட்டு நிற்கக் கூடாது என்றுதான், மீசையைக் கீழே இறக்கி, தானும் பக்கத்தில் வந்து நிற்கிறார். கண்ணீர் கண்ணாடியில் விழுந்து எழுத்து கலங்கியது. துடைத்தாள்.

கீழே யாரும் எழுதவில்லை. தொள்ளாயிரம் பேரும் மலைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்கள் போல. மணி ஐந்து ஐம்பத்தாறு. வரவேற்கிறவரே வாசலில் நின்றால் கதவை யார் திறப்பது?

இவாஞ்சலின் எழுத ஆரம்பித்தாள். இந்த முறை ஒரு வார்த்தையையும் அழிக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி. உங்க படத்துல ஒரு நல்லது சொல்லணும்னா, எலும்பு விலகல. ஆறு வாரத்துல கூடிரும். மாவுக்கட்ட மட்டும் நனைக்காதீக."

அனுப்பினாள். அதற்குப் பிறகு மடை திறந்தது. உரக்கடைக்காரர், வாத்தியார், ராஜு, பேரே கேள்விப்படாத பறவைகள் எல்லாம் வந்து வரவேற்றார்கள். ஆண்டிச்சாமி மட்டும், மோதிரம் என்றாலும் இருந்த இடம் அழகு என்று விடாமல் வாதாடினார். ஆறு அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் மரத்தின் படத்துக்குக் கீழே முதல் பதில் விழுந்தது.

"வருக, தாயி. கிளைகளை நடுவில் வைக்காமல் ஓரமாக விட்டது நன்று. எனக்குக் கை கூடும்வரை புதியவர்களை வரவேற்கும் வேலையை நீங்கள் பார்க்கவும். இது விதி அல்ல, வேண்டுகோள்."

அவர் கை கூடி எட்டு மாதமாகிறது. மடை மேல் நிற்கிறாரா இல்லையா என்பது அவருக்கும் கண்மாய்க்கும்தான் தெரியும். வேலையை அவர் திரும்பக் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. மலையோரத்தில் இப்போது யார் வந்தாலும் முதல் "வாங்க" இவாஞ்சலினுடையது. நீக்கும் தேதியெல்லாம் எடுத்தாயிற்று. மாதக்கணக்கில் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறவர்கள் யார் யார் என்று அவளுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருவராக அவர்களுக்குத் தனியாக எழுதுவாள்: "அவசரமில்ல. நீங்க இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும்."