ஆறாம் ஸ்தலத்தில் விழுந்தது

நான் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். படிப்பு எட்டோடு சரி. எனக்குத் தெரிந்தது தோள்தான்.

அந்த வருஷம் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை திண்டுக்கல்லில் ஆபரேஷன் என்றார்கள். நான் என்ன செய்ய? ஜெபமும் சரியாக வராது. பாதியில் கொட்டாவி வரும்.

எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். பெரிய வெள்ளியன்று கோயிலிலிருந்து பக்கத்துக் குன்றான கரட்டின் உச்சி வரை சிலுவைப்பாதை போவோம். வழியில் பதினான்கு ஸ்தலம்; ஒவ்வொன்றிலும் நின்று ஆண்டவர் பட்ட பாட்டில் ஒன்றை நடித்துக் காட்டுவோம். ஆண்டவர் வேஷம் கட்டியவர் சிலுவையோடு நடப்பார். கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார், நடப்பதை மைக்கில் வாசித்துக்கொண்டே வருவார். அந்த வருஷம் வேஷத்தை நானே கேட்டு வாங்கினேன். வழக்கமான சிலுவை ப்ளைவுட், உள்ளே காற்று. அது வேண்டாமென்று பனஞ்சட்டத்தில் ஒன்று அடித்தேன். தரையில் படாமல் உச்சிக்குக் கொண்டுபோனால் இவள் பிழைத்துக்கொள்வாள் என்று நேர்ந்துகொண்டேன்.

மனைவியிடம் சொன்னேன்.

"டாக்டரு ஒன்னயவா சொமக்கச் சொன்னாரு?" என்றாள்.

மூன்றாம் ஸ்தலத்தில் ஆண்டவர் முதல் முறை விழ வேண்டும். உபதேசியார், "விழுகிறார்" என்று வாசித்தார். நான் விழவில்லை. விழுந்தால் சிலுவை தரையில் படும். மறுபடி வாசித்தார். நின்றேன்.

"ஏலே, விழுடா" என்றார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். கரடு முழுக்கக் கேட்டது.

"மாட்டேன்" என்றேன். அதுவும் கேட்டது.

"ஆண்டவருக்கு இன்னைக்கு என்னமோ கோவம்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

ஐந்தாம் ஸ்தலத்தில், காட்டு வேலையிலிருந்து வருகிற ஒருவரைப் பிடித்து ஆண்டவருக்குத் துணையாகச் சுமக்க வைப்பார்கள். அந்த வேஷம் என் மனைவியின் தம்பிக்கு. பூக்கடையில் மாலை கட்டுகிறவன். எனக்குப் பாதி இருப்பான். கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

"தொடாத மாப்ள."

"தொடணும் மாமா. பைபிள்ல இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. சும்மா கூட நட."

"ஆண்டவரே வேணாங்கல. நீ அவரவிடப் பெரிய ஆளா?"

"தொட்ட, கைய ஒடிச்சுருவேன்."

இதுவும் மைக்கில் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

ஆறாம் ஸ்தலம் பாறைச் சரிவு. அங்கே ஒரு பெண் துணியால் ஆண்டவர் முகத்தைத் துடைப்பாள். விழுகிற ஸ்தலமே இல்லை. அங்கே விழுந்தேன். முழங்கால் மடங்கிவிட்டது. முதலில் சிலுவை, பிறகு நான். துணியோடு நின்ற பெண் பயத்தில் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உபதேசியார் புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆறாம் ஸ்தலம்" என்று ஆரம்பித்து, "விழுந்துட்டாரு" என்று முடித்தார்.

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேர்ந்தது போயிற்று. செவ்வாய்க்கிழமையை நினைத்தேன். எழ மனசில்லை.

மாப்பிள்ளை என்னைக் கேட்கவில்லை. சட்டத்தின் கால்பக்கத்தைத் தூக்கித் தன் தோளில் வைத்தான்.

"எந்திரி மாமா. இன்னும் எட்டு ஸ்தலம் கெடக்கு."

எழுந்தேன். பாரம் பாதியாகியிருந்தது. சின்ன வயசிலிருந்து இந்தப் பாதையில் நடக்கிறேன். ஐந்தாம் ஸ்தலத்தை நான் காதில் வாங்கியதே இல்லை. ஆண்டவரே ஓர் ஆளைத் தோள் கொடுக்க விட்டிருக்கிறார். நான் விடவில்லை.

ஏழிலும் ஒன்பதிலும் விழ வேண்டும். உபதேசியார் வாசிக்கும் முன்பே விழுந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மனைவியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள். அங்கே தூக்க ஒன்றுமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

"ஆண்டவரே, என்னால ஏலாது. நீ பாத்துக்க" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. கொட்டாவியும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பிறகு வார்டில் மனைவியை ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். முன்னாலென்றால் யாரையும் கிட்டே விட்டிருக்க மாட்டேன்.

"மாப்ள, கால்பக்கம் பிடி" என்றேன்.

மனைவி பாதிக் கண் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"பாத்து," என்றாள். "இது ஆறாம் ஸ்தலமில்ல."