மீன் வாடை அடித்த முழங்கால்

முழங்கால் வீங்கினால் எங்கள் தெருவில் எல்லோரும் வைத்தியர்கள். இன்றைக்கும் நான் கொஞ்சம் சாய்ந்து நடந்தால் போதும், ஒத்தடம் கொடு, எண்ணெய் தடவு என்று ஆளுக்கொரு யோசனை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மாமாவிடமிருந்து எனக்கு வந்தவற்றில் இந்த எரிச்சலும் ஒன்று. மாமா அம்மாவின் அண்ணன். காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைப்பவர். இடது கால் மடங்காது. கேட்டால், போட்டில் அடிபட்டது என்பார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். மாதா தேர் அன்று காலையில், விழாமல் கொள்ளாமல், வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. தேர் பார்க்காவிட்டால் உயிரே போய்விடும் போலிருந்தது எனக்கு. உடனே அப்பாவின் தங்கையான அத்தைக்கு ஆள் போனது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் உருவினால் சுளுக்கு ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தை பெற்றது இரட்டை. கல்மண்டபம் வரைக்கும் அவளுக்குக் கிராக்கி.

எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு அவள் உட்காரும்போது, சாக்குப்பை நிறைய ஐஸோடு மாமா வந்தார்.

"கால்ல கை வெச்ச, அவ்ளோதான்! எயுந்துரு!"

"இன்னா மாமா, பேஜாரு பண்ற? சாயந்தரம் தேர் பின்னால ஓடுவான் பாரு," என்றாள் அத்தை.

"ஓடுவான், ஓடுவான். என்னிய மாதிரி ஓடுவான்!"

அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு கோபித்துக்கொண்டு போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகலாம் என்று மாமா சொன்னதும், சுளுக்குக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று அப்பா வேறு குதித்தார். மாமா என் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ஐஸைத் துணியில் சுற்றி ஒற்றினார். மீன் வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். தெருமுனையில் தேர் திரும்பும் வேட்டுச் சத்தம் கேட்டபோது நான் அவரைத் திட்டாத திட்டில்லை. அவர் வாசலைவிட்டு நகரவில்லை.

விடிந்ததும் யாரையும் கேட்காமல் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா என்றார்கள். உருவியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்குமாம். இது தாய்வழியாக வருவது, உங்கள் பக்கத்து ஆண்களில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார். அம்மா மாமாவின் காலைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார்.

போட்டும் இல்லை, அடியும் இல்லை. சிறுவயதில் அவருடைய வீங்கிய முழங்காலையும் யாரோ ஒரு இரட்டைப் பிள்ளைக்காரி நாள் தவறாமல் உருவியிருக்கிறாள். இது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் தேரும் போச்சு, காலெல்லாம் மீன் நாற்றம் என்பதுதான். திரும்பும்போது ஆட்டோவில் மாமாவின் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் போய், மடங்காத காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.